படம் வரைந்தவர் பெயரை எங்கே தேடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

இளைஞர்கள் நூலகத்தின் பக்கமே வருவதில்லை, வருகிறவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கத்தான் வருகிறார்கள் என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும். எழுத்தில் அந்தக் கண்டிப்பு இருந்தது. நான் 21 வயதுக்காரி. சென்னையில் கவின்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கடந்த ஏழு மாதங்களில் நூலகத்துக்குப் போகாத சனிக்கிழமை எனக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதனால் அவருக்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். நாங்கள் வருகிறோம் ஐயா. வந்தபின் என்ன நடக்கிறது என்பதைத்தான் எழுத வந்தேன்.

என் ஊர் திருச்செங்கோடு. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் வேலை செய்கிறார். எனக்கு முதன்முதலில் கோடு போடக் கற்றுக்கொடுத்தவர், அந்தப் பட்டறைக்கு வந்து வண்டிக் கதவில் பெயர் எழுதும் ஆர்ட்டிஸ்ட் மாமா. நூலைச் சாக்பீஸ் தூளில் புரட்டி, இரு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். ஒரு முனையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பிறகு மலைக்கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து தூண்களை வரைய ஆரம்பித்தேன். நூறு முறையாவது வரைந்திருப்பேன். ஒவ்வொரு முறையும் தூண் கல்லாக வராது; அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருக்கும். குறை எங்கே என்று தெரியவில்லை.

கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த கோட்டுச் சித்திரங்களை எடுத்துக்கொண்டேன். எங்கள் பேராசிரியர், 'முதலில் சில்பியைப் பார்த்துவிட்டு வா, பிறகு பேசலாம்' என்றார். அப்படித்தான் என் நூலக யாத்திரை தொடங்கியது.

சில்பியைப் பற்றி உங்கள் மூத்த வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று பல ஆண்டுகள் கோயில் சிற்பங்களையும் மண்டபங்களையும் வரைந்தவர். இயற்பெயர் சீனிவாசன், சில்பி என்று பெயர் வைத்தவர் ஓவியர் மாலி. அவர் நாமக்கல்காரர் என்பதே எனக்கு நூலகத்தில்தான் தெரிந்தது. திருச்செங்கோடு அதே மாவட்டம். தானும் ஓவியரான நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளைதான், பையனின் கையைப் பார்த்துவிட்டு, சென்னை ஓவியப் பள்ளிக்குப் போகச் சொன்னாராம். பன்னிரண்டு வருடம் அந்த மாவட்டத்தில் பள்ளியில் படித்தேன். ஒருவரும் இதை என்னிடம் சொல்லவில்லை.

அந்தப் படங்கள் புத்தகமாக வந்திருக்கின்றனவே, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பார்த்தேன். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அந்த வாரத்துப் பக்கம். படம் எந்த அளவில் அச்சானது, எப்படிப்பட்ட தாள், எதிர்ப்பக்கத்தில் என்ன விளம்பரம் இருந்தது, கதைக்கு வேறு ஒருவர் வரைந்த படத்துக்குப் பக்கத்தில் இவருடைய கோடு எப்படித் தெரிந்தது என்பதெல்லாம். புத்தகத்தில் படம் மட்டும் தனியாக நிற்கிறது, பக்கம் இல்லை.

ஒரு நூலகத்துக்குப் போனேன். எது என்று எழுதப் போவதில்லை. இந்தக் கடிதத்தில் பின்னால் பெயர் சொல்லப்போகும் நூலகங்களில் ஒன்றும் அல்ல. கணினியில் சில்பி என்று தட்டினேன். சிற்ப சாஸ்திர நூல்கள் வந்தன. கோட்டோவியம் என்று தட்டினேன், ஒன்றும் வரவில்லை. ஓவியம் என்றதும் நிறைய வந்தது: குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகங்கள், தலைப்பில் ஓவியம் என்ற சொல் இருக்கும் நாவல்கள். ஆதிமூலம் என்று போட்டால் பெருமாள் கோயில் தல வரலாறு வருகிறது. காந்தி நூற்றாண்டான 1969-ல் காந்தியைக் கோடுகளிலேயே வரிசையாக வரைந்தவர், கி.ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கட்டுரைகளுக்குப் படம் போட்டவர், அந்தப் பட்டியலில் ஓவியராக இல்லவே இல்லை. நூலை எழுதியவர் பெயர் இருக்கிறது, பதிப்பகம் இருக்கிறது, பக்க எண்ணிக்கை இருக்கிறது, விலைகூட இருக்கிறது. படம் போட்டவர் பெயருக்கு ஒரு கட்டம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் உதவியது கணினி அல்ல, உதவி நூலகர் ஒருவர். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்று சொன்னார். 'சில்பி படமா? எங்கள் வீட்டில் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்' என்று சொல்லிவிட்டு, பின்கட்டுக்குப் போய் பைண்டு செய்த தொகுப்புகள் ஐந்தை இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் வெட்டி மாட்டினார்கள் என்று அவர் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை. முதல் தொகுப்பைத் திறந்ததும் உறைத்தது.

பக்கத்தின் நடுவில் ஒரு சதுர ஓட்டை. பிளேடால் வெட்டியது, மூலைகள் அவ்வளவு சுத்தமாக இருந்தன. ஓட்டையின் வழியாக அடுத்த தாளின் தொடர்கதை தெரிந்தது. ஓட்டைக்குக் கீழே படத்தின் விளக்கம் மட்டும் மிச்சம்: எந்த ஊர், எந்த மண்டபம் என்று இரண்டு வரி. பக்கத்தைத் திருப்பினால், வெட்டியதில் பின்பக்கத்துச் சமையல் குறிப்பும் பாதி போயிருந்தது. அந்தத் தொகுப்பில் பதினொரு ஓட்டைகளை எண்ணினேன். வெட்டியவரை முழுவதும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. படத்தின் மேல் ஆசைப்பட்டுத்தானே வெட்டியிருக்கிறார். பட்டியலில் இடம் கொடுக்காதவர்களைவிட அவருக்குப் படத்தின் மதிப்பு தெரிந்திருக்கிறது. ஆனாலும் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்டுவிடுவேன்.

நான்காவது தொகுப்பில் ஒரு பக்கம் முழுதாகக் கிடைத்தது. ஒரு கோயில் மண்டபத்துத் தூண். பாரிமுனையில் 120 ரூபாய்க்கு வாங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அந்தக் காலத்தில் படத்தை அச்சிட பிளாக், அதாவது உலோகத்தில் அச்சுக்கட்டை, எடுக்க வேண்டும். கோட்டுப் படத்துக்கான பிளாக்கில் கறுப்பு உண்டு, தாளின் வெள்ளை உண்டு, நடுவில் சாம்பல் நிறம் என்ற ஒன்று கிடையாது. சாம்பல் வேண்டுமென்றால் வலைப்புள்ளிகளாக உடைத்து வேறு வகை பிளாக் எடுக்க வேண்டும். மட்டமான தாளில் அது கலங்கிவிடும். ஆகவே கோட்டுச் சித்திரக்காரருக்குக் கல்லின் நிழல் வேண்டுமென்றால், அதைக் கோடாலும் புள்ளியாலும் கட்டித்தான் எழுப்ப வேண்டும். அந்தத் தூணில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. வெளிச்சம் விழும் விளிம்பில் கோடே இல்லை! வெறும் தாள். பின்னால் இருக்கும் மண்டபத்தின் இருட்டை மூன்று திசைகளில் கோடு மேல் கோடாகப் போட்டு அடர்த்தியாக்கியிருக்கிறார். அந்த இருட்டு வந்து நிற்கிற இடம்தான் தூணின் விளிம்பு. நான் நூறு முறையும் என்ன செய்தேன் என்றால், முதலில் தூணைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு போட்டுவிட்டு, அதற்குள் கல்லைத் தேடினேன். அட்டையாக வராமல் வேறு எப்படி வரும்?

இதைக் கண்ணால் பார்த்தால் போதாது. ஒரு துண்டை வரைந்து பார்க்க வேண்டும். எங்கள் துறையில் குறிப்பெடுப்பது என்றால் அதுதான். சரித்திரம் படிப்பவர் ஒரு பத்தியை நோட்டில் எழுதிக்கொள்வது போல, நாங்கள் கோட்டை எழுதிக்கொள்கிறோம். கையால் போடும்போதுதான், நிப்பை எங்கே அழுத்தியிருக்கிறார், எங்கே தூக்கியிருக்கிறார், வளைவின் வயிற்றில் கோடு ஏன் விரிகிறது என்பதெல்லாம் பிடிபடும். 2பி பென்சிலை எடுத்துத் தூணின் அடிப்பகுதியை மட்டும் போட ஆரம்பித்தேன். 40 நிமிடம் போயிருக்கும்.

மேற்பார்வையாளர் வந்தார். 'இங்கே படிக்க மட்டும்தான் அனுமதி. படம் வரையக் கூடாது' என்றார். ஆய்வுக்காக என்றேன். கல்லூரிக் கடிதத்தைக் காட்டினேன். கடிதத்தில் 'நூல்களைப் பார்வையிட' என்றுதான் இருக்கிறது, வரைய என்று இல்லை என்றார். சரி, படம் எடுத்துக்கொள்ளலாமா என்றேன். கைப்பேசியில் எடுக்கக் கூடாது. நகல் எடுக்கலாமா? எடுக்கலாம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அந்தத் தாளின் நிலையைச் சொல்கிறேன்: திருப்பும்போதே ஓரம் அப்பளம் போல உடைகிறது. அதை நகல் இயந்திரத்தில் குப்புறக் கவிழ்த்து, முதுகை அழுத்தினால் தொகுப்பு பிளந்துவிடும். தொகுப்பைப் பிளக்கும் இயந்திரத்துக்கு அனுமதி உண்டு. தொடாமல் ஓர் அடி தள்ளி நோட்டில் ஓடும் பென்சிலுக்குக் கிடையாது.

மைப் புட்டியும் தூரிகையும் வேண்டாம் என்றால் அது நியாயம். ஒரு துளி சிந்தினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். பேனாவே கூடாது, பென்சில் மட்டும் என்றாலும் சரி. அரிய நூல்களை வைத்திருக்கும் பல நூலகங்களில் அப்படித்தான். நூலின் மேல் மெல்லிய தாளை வைத்துத் தடம் எடுப்பதையும் கட்டாயம் தடுக்க வேண்டும். அழுத்தம் கீழே இறங்கிவிடும். நான் கேட்டது இவை எதுவும் இல்லை.

எதிரில் உட்கார்ந்து குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் போனதும் என் நோட்டை எட்டிப் பார்த்து, 'இதற்கு மார்க் உண்டா?' என்று கேட்டார். உண்டு என்றேன். 'அப்படியென்றால் படிப்புதானே' என்றார். உங்கள் வாசகர் குறைப்பட்டுக்கொண்ட போட்டித் தேர்வு மாணவர்களில் ஒருவர் இவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விடுதிக்கு வந்து இணையத்தில் தேடினேன். பழைய இதழ்களும் நூல்களும் எண்ணற்றவை இணையத்தில் ஏறியிருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இல்லாவிட்டால் என் கட்டுரையின் முதல் அத்தியாயமே இல்லை. நள்ளிரவில் விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நூறு வருடத்துக்கு முந்தைய புத்தகத்தைப் புரட்டுவது சாதாரண காரியமா? ஆனால் இணையத்தில் கிடைக்கும் பழைய பிரதிகள் பலவற்றில் படம் செத்துவிடுகிறது. காரணம் எளிது. கோப்பு சிறியதாக இருக்க வேண்டும் என்று, பக்கத்தை வெறும் கறுப்பு-வெள்ளையாக வருடிவிடுகிறார்கள், அதாவது ஸ்கேன் செய்துவிடுகிறார்கள். எழுத்துக்கு அது போதும். கோட்டுப் படத்திலோ மெல்லிய கோடுகள் பாதியில் அறுந்துபோகின்றன. நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தார் பூசியது போல ஆகிவிடுகின்றன. பென்சிலும் நீர்விட்ட மையும் கலந்து வரைந்த படமாக இருந்தால் முகத்தில் பாதி காணாமல் போகும். வலைப்புள்ளி பிளாக்கில் அச்சான படமென்றால், மேலே கொசுவலை போர்த்தியது போல ஒரு கட்டம் படிந்துவிடும். படம் இருக்கும் பக்கங்களை மட்டுமாவது சாம்பல் நிற அளவுகளோடு வருடினால் போதும். ஆயிரம் பக்கத்தில் ஐம்பது பக்கம் பெரிதாவதால் எந்தக் கணினியும் நிரம்பி வழிந்துவிடாது.

நல்லதையும் சொல்ல வேண்டும். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போன பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது: கோட்டையூரில் இருந்துகொண்டு அவ்வளவையும் சேர்த்த முத்தையா, தொழிலால் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். எங்கள் ஆர்ட்டிஸ்ட் மாமாவின் சாதி! அவர் 1992-ல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அந்தச் சேகரிப்பு, கடல் தாண்டாமல் சென்னையிலேயே நூலகமாக நிற்கிறது. நாவல், இலக்கணம் என்று மட்டும் பார்க்காமல் நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம் என்று அச்சில் வந்த சில்லறைகளையெல்லாம் அவர் எடுத்து வைத்தார். பலகை எழுதும் கண்ணுக்குத்தான் நோட்டீசின் எழுத்து வடிவமும் ஓரச் சித்திரமும் பொருளாகத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். மாமாவிடம் தொலைபேசியில் சொன்னேன். 'அவர் வீட்டுச் சுவரில் பரண் எத்தனை இருந்திருக்கும்?' என்று கேட்டார்.

தஞ்சாவூர் சரசுவதி மகாலுக்கு வகுப்போடு போனோம். ஓலைச்சுவடிதான் இருக்கும் என்று நினைத்துப் போனால், பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயியின் அரசவை ஓவியராக இருந்த சார்ல் லெ பிரன், மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த படங்களின் அச்சுகள் அங்கே இருக்கின்றன. ஆந்தையின் கண் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்தில் கண் உள்ள ஒரு மனிதர்; காளையின் நெற்றியோடு ஒருவர். இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்துச் சேகரிப்பு. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அன்று பஸ் பயணம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் விலங்காக வரைந்துகொண்டே வந்தோம். என் முகத்துக்கு என்ன விலங்கு வந்தது என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.

கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உடற்கூறு வரைபட நூல்களைப் பார்த்தேன். கடையில் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் சொல்கிற புத்தகங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் ட்யூயி வகைப்பாட்டில் 741 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டால் வரைகலை முழுவதும் அதைச் சுற்றித்தான். 743-ல் மனித உடல், விலங்கு என்று பொருள்வாரியாக வரைவது வரும். இந்த இரண்டு எண்களும் என் வகுப்பில் பலருக்குத் தெரியாது. முதலாம் ஆண்டிலேயே யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம். இது எங்கள் பக்கத்துக் குறை. நூலகத்தின் மேல் போட முடியாது.

இப்போது என் கோரிக்கை. நூலக விதிகளில் 'பென்சிலால் குறிப்பெடுக்கலாம்' என்று இருக்கும் இடத்தில் 'வரையலாம்' என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். நூல் பட்டியலில் ஓவியர் பெயரை ஏற்ற வேண்டும். இனி வாங்கும் நூல்களிலிருந்து தொடங்கினாலும் போதும். பழைய இதழ்களை பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது அறவே நிற்க வேண்டும், ஏனென்றால் பல ஓவியர்களின் மிகச் சிறந்த வேலை அட்டையில்தான் இருக்கிறது. பணம் எங்கே என்று கேட்பார்கள். 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு இப்போது நூலகத்துக்கென்று வாங்குகிறார்கள். அப்பா போன மாதம் கட்டிய ரசீதில் அது தனி வரியாகவே இருக்கிறது. ஓவியர் பெயரைத் தட்டச்சு செய்ய அதில் எவ்வளவு செலவாகிவிடப்போகிறது?

சீர்காழியில் பிறந்து உலகத்துக்கே நூலகவியல் சொல்லிக்கொடுத்த ரங்கநாதன், 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் படம் நான் போன நூலகங்கள் பலவற்றில் மாலையோடு மாட்டியிருக்கிறது. ஒரு தூணைக் கண்ணால் பார்க்க எனக்கு ஆறு சனிக்கிழமைகள் ஆயின. அதில் ஐந்து, தேடுவதிலேயே போனது.

அந்த உதவி நூலகர் ஓய்வு பெறுவதற்குள் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். தொகுப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எந்தத் தேதி இதழில், எந்தப் பக்கத்தில், எந்த ஓவியரின் என்ன படம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். வெட்டப்பட்டிருந்தால் அதற்கும் ஒரு குறி. மிச்சமிருக்கும் விளக்க வரியை அப்படியே எடுத்து எழுதுகிறேன். நேற்று வரை 312 வரிகள். விரும்பிக் கேட்கும் எந்த நூலகத்துக்கும் நகல் எடுத்துத் தருகிறேன். உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு வந்து சேரும். என் கையெழுத்து சுமார்தான்.

என் பெயரை மட்டும் போட வேண்டாம். இந்தச் சனிக்கிழமையும் அதே நூலகத்துக்கு, அதே மேற்பார்வையாளர் முன்னால்தான் போய் உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
கவின்கலை மாணவி,
சென்னை.